ஒரு மழைக்காலத்தில் மூன்று பெல்ட்

போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறைக்குப் போகும் வழியில், இடப்புறமாகப் பிரிந்து இறங்கும் ஒரு மண்பாதையின் முடிவில் எங்கள் குடும்பத்துக்கு ஆறு ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. வீடு போடியில், தோட்டம் கேரளத்தில், உடும்பஞ்சோலை வட்டத்தில். தினமும் காலையில் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப், தோட்டத்தின் மேல்வாசலோடு நின்றுவிடும். அங்கிருந்து கீழே ஓடைக்கரை வரை ஒன்றேகால் கிலோமீட்டர் தூரத்துக்கு உரமூட்டையும், மருந்து டிரம்மும், பறித்த பச்சைக்காயும் பல ஆண்டுகளாகத் தலைச்சுமையாகவே போய்வந்து கொண்டிருந்தன. அந்தச் சுமையைக் குறைப்பதற்காகத்தான் இரண்டு ஆண்டுகளுக்கு முன், கரடுமுரடான நிலத்தில் ஓடும் நாலுசக்கர வண்டியான ஏ.டி.வி. ஒன்றைப் பழையதாக வாங்கினேன். சுற்றுலாப் பயணிகளைச் சேற்றில் ஓட்டவிட்டுப் பணம் பார்த்த ஒருவர் தொழிலை மூடியபோது விற்ற, 500 சி.சி. எஞ்சின் கொண்ட வண்டி அது. பொதுச்சாலையில் ஓட்டுவதற்கான பதிவு அதற்கு இல்லை என்பதால் லாரியில் ஏற்றிவந்து தோட்டத்துக்குள் இறக்கினோம். அன்றிலிருந்து அது வேலியைத் தாண்டியதில்லை. அகன்ற டயர்களோடு பக்கவாட்டில் நகர்வதுபோல் அது சரிவில் இறங்குவதைப் பார்த்த எங்கள் தொழிலாளர்கள் அதற்கு ‘நண்டு’ என்று பெயர் வைத்தார்கள்.

முதல் கோடை முழுவதும் நண்டு குறையில்லாமல் உழைத்தது. தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பிறகு, ஆனி மாதத்துக்கும் ஆவணி மாதத்துக்கும் இடையில், எஞ்சினின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் டிரைவ் பெல்ட்டுகள் மூன்றைத் தின்று தீர்த்தது. ஒவ்வொரு பெல்ட்டும் ஓர் ஆளின் பத்து நாள் கூலிக்குக் குறையாத விலை. முதல் இரண்டு முறையும் போன பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். நான் செய்த பிழைகளிலேயே பெரியது, புதிய பெல்ட்டை மாட்டியதன்று, பழையதை எறிந்ததுதான். ஏன் என்பதை விளக்க வேண்டுமானால் பெல்ட்டை மூடியிருக்கும் உறைக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

இந்த வகை வண்டியில் முதல் கியர், இரண்டாம் கியர் என்று படிப்படியாக மாற்றும் ஏற்பாடு இல்லை. எஞ்சின் பக்கத்தில் ஒரு புல்லி, கியர்பெட்டிப் பக்கத்தில் ஒரு புல்லி, இரண்டையும் இணைக்கும் அகன்ற ரப்பர் பெல்ட் ஒன்று, அவ்வளவுதான். ஒவ்வொரு புல்லியும் எதிரெதிராக வைத்த இரண்டு கூம்புத் தட்டுகளால் ஆனது. அவற்றில் ஒன்று நிலையானது; மற்றது தண்டின் மேல் முன்னும் பின்னும் நகரக்கூடியது. எஞ்சின் வேகமெடுக்கும்போது முன்புல்லியின் முதுகில் இருக்கும் உருளை எடைகள் வெளிநோக்கி வீசப்பட்டு நகரும் தட்டைத் தள்ளுகின்றன; தட்டுகள் நெருங்க, நடுவில் இருக்கும் பெல்ட் மேலே ஏறுகிறது. பெல்ட்டின் நீளம் மாறாது என்பதால் பின்புல்லியில் அது தன் ஸ்பிரிங்கை எதிர்த்துத் தட்டுகளை விலக்கிக்கொண்டு உள்ளே இறங்குகிறது. சுமை கூடி வண்டி திணறும்போது இதற்கு நேர்மாறாக நடக்கிறது: பின்புல்லியில் சாய்வாக வெட்டப்பட்ட, கேம் என்ற சரிவுப் பாதை ஒன்று, சக்கரத்திலிருந்து வரும் முறுக்கத்தையே பயன்படுத்தித் தட்டுகளை இறுக்கிப் பெல்ட்டை மேலே கொண்டுவருகிறது. ஏற்றத்தில் வண்டி தானாகவே ‘கீழ்க் கியருக்கு’ வருவதுபோல் தோன்றுவது இதனால்தான்.

இது அயல்நாட்டு அதிசயம் ஒன்றுமன்று. நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958-இல் ரப்பர் பெல்ட்டில் ஓடும் சிறிய காரையே காட்சிக்கு வைத்தது. நம் ஊரில் 1980-களில் வந்த கைனெட்டிக் ஹோண்டாவிலும், இன்று போடிக் கடைவீதியில் நிற்கும் கியர் இல்லாத பெட்ரோல் ஸ்கூட்டர்களிலும் இருப்பது இதே ஏற்பாடுதான். இந்த ஒற்றுமை எனக்கு உறைக்க மூன்று பெல்ட்டுகள் செலவாயின.

முதல் பெல்ட் போனது முழுக்க முழுக்க என் தவற்றால். ஓடைக்கரையில் ஆறு மூட்டைப் பச்சைக்காயைப் பின்வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோது, பின்சக்கரங்கள் இரண்டும் அச்சுவரை சேற்றில் புதைந்தன. படிப்படியான கியர்கள் இல்லாவிட்டாலும், கியர்பெட்டியில் ஹை, லோ என்று இரண்டு நிலைகள் உண்டு; நான் ஹை கியரில் இருந்தேன். ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்திப் பிடித்தேன். எஞ்சின் அலறியது, சக்கரம் அசையவில்லை. ஏழெட்டு நொடிகளுக்குள் தீய்ந்த ரப்பரின் நாற்றம் வந்தது. அந்த நாற்றம் வந்தபோதே கையை எடுத்திருக்க வேண்டும். நான் இன்னும் இரண்டு முறை முயன்றேன். சக்கரம் நிற்கும்போது பின்புல்லியும் பெல்ட்டும் நிற்கின்றன. முன்புல்லி மட்டும் சுழல்கிறது. பெல்ட்டின் ஒரே இடத்தில், உள்ளங்கை அகலப் பகுதியில், முழு உராய்வும் விழுகிறது. அந்த இடம் இருபுறமும் தேய்ந்து உடுக்கையின் இடைபோல ஒடுங்கிவிடும். அதன் பிறகு பெல்ட் அறாமல் இருந்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஒடுங்கிய பகுதி புல்லிக்குள் நுழையும்போது வண்டி தட்டித் தட்டி அதிரும். இரண்டொரு நாளில் அங்கேயே அறும். என்னுடையது மறுநாளே அறுந்தது.

லோ கியர் எதற்காக இருக்கிறது என்பதை அப்போது நான் சரியாக விளங்கிக்கொண்டிருக்கவில்லை. அதிக இழுவிசை வேண்டுமானால் லோ என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அந்தக் கியர் இருக்கும் இடம் பெல்ட்டுக்குப் பின்னால், கியர்பெட்டிக்குள். ஆகவே லோவில் போட்டால் அதே நடைவேகத்துக்குப் பெல்ட் கூடுதல் வேகத்தில் சுற்றுகிறது. அதே அளவு வேலையைக் குறைந்த இழுப்பில் செய்து முடிக்கிறது. ஹையில் ஊர்ந்தால் பெல்ட் முன்புல்லியின் அடிவட்டத்தில், மிகக் குறைந்த பரப்பில் பிடித்துக்கொண்டு முழுச் சுமையையும் தாங்க வேண்டியிருக்கிறது. வழுக்கலும் சூடும் அங்கேதான் பிறக்கின்றன. பின்வண்டி மாட்டியிருந்தாலும், ஏற்றமானாலும், சேறானாலும், நடைவேகத்துக்குச் சற்று மேல் போகாத எந்த வேலையானாலும் லோ கியரே என்பது இப்போது எங்கள் தோட்டத்தில் எழுதாத சட்டம்.

இரண்டாவது பெல்ட்டை நீர் கொண்டுபோனது. மழை வலுத்து ஓடை பெருகியிருந்த நாளில், இருக்கைக்குக் கீழ்வரை நீர் வரும் ஆழத்தில் வண்டியை இறக்கினேன். மறுகரை ஏறும்போது எஞ்சின் சுழன்றது, வண்டி ஏறவில்லை. பெல்ட் நனைந்தால் பிடிப்பு போய்விடும்; இது குறையன்று, ரப்பரின் இயல்பு. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது எளிது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பெல்ட் உறையின் அடிப்பக்கத்தில் இருக்கும் வடிகால் மூடியைக் கழற்றி நீரை வெளியேற்ற வேண்டும். பிறகு மூடியை மாட்டி, நியூட்ரலில் வைத்து, எஞ்சினை நடுத்தர வேகத்தில் சிலமுறை ஓட்டினால் புல்லிகள் சுழலும் வேகத்தில் எஞ்சிய ஈரம் வீசப்பட்டுவிடும். நான் இதில் எதையும் செய்யாமல், ஈரப் பெல்ட்டோடு மேல்வாசல் வரை உறுமிக்கொண்டே ஏறினேன். பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளத்துப் போயின. அப்படி மெருகேறிய பெல்ட் காய்ந்த பிறகும் பிடிக்காது. புறப்படும்போதெல்லாம் கீச்சிட்டு வழுக்கிக்கொண்டே இருக்கும்.

அந்த நீர் எப்படி உள்ளே போனது என்று அன்றைக்கே தேடியிருந்தால் ஒரு பெல்ட் மிஞ்சியிருக்கும். பெல்ட் அறைக்குள் காற்று போகவும் வரவும் இரண்டு குழாய்கள் உண்டு. நிலைத் தட்டின் முதுகில் இருக்கும் இறகுகள் விசிறிபோல் காற்றை இழுத்து, சூட்டோடு பின்வழியே தள்ளுகின்றன. இரண்டு குழாய்களின் வாயும் வண்டியின் மேல்பகுதியில் உயரமாக இருப்பதற்குக் காரணமே நீர் புகக்கூடாது என்பதுதான். என் வண்டியில் காற்று உள்வரும் குழாயின் முழங்கை மடிப்பில் ரப்பர் வெடித்திருந்தது. அந்த வெடிப்பு ஓடைநீர் மட்டத்துக்குக் கீழே இருந்தது. அதைவிட வியப்பானது அதே குழாயின் மேல்வாயில் இருந்தது. ஏலச்செடிச் சருகையும் சாக்கு நாரையும் கொண்டு ஓர் எலி அதற்குள் பாதிக்கூடு கட்டியிருந்தது. ஏலத்தோட்டத்தில் எலி காயைத்தான் கடிக்கும் என்று நினைத்திருந்தேன். ஆக, நீர் தாராளமாகப் போகும் வழியும், காற்று போக முடியாத வழியும் ஒரே குழாயில் இருந்தன. பெல்ட்டின் பெரும் எதிரி சூடு என்பதால், இந்த அடைப்பு ஒன்றே கோடையில் ஒரு பெல்ட்டைக் கொல்லப் போதுமானது. இப்போது குழாயின் வாயில் மெல்லிய கம்பிவலையைக் கட்டியிருக்கிறேன்; மிக நெருக்கமான வலை காற்றைத் தடுக்கும் என்பதால், எலி நுழையாத அளவுக்கு மட்டும் கண் உள்ளது.

இதையெல்லாம் நான் பிறகுதான் கண்டுபிடித்தேன். மூன்றாவது பெல்ட், சேறும் இல்லாமல் நீரும் இல்லாமல், மழை விட்டிருந்த ஒரு வாரத்தில், 40 கி.மீ. ஓடுவதற்குள் அறுந்தது. அடுத்த தோட்டத்துக்காரர் ஒரு மலையாளி. பழைய ஜீப் ஒன்றைத் தானே பிரித்துப் பூட்டுபவர். உறையைத் திறந்து வைத்துக்கொண்டு நான் நின்றதை வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துவிட்டு, “பெல்ட்டு மாத்ரம் மாற்றியா போரா, அண்ணாச்சி” என்றார். பெல்ட்டை மட்டும் மாற்றினால் போதாது என்பது எனக்கும் அதற்குள் புரிந்திருந்தது. வேறு எதை மாற்றுவது என்பதுதான் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை போடியில் ஸ்கூட்டர் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவரை ஜீப்பில் ஏற்றி மேலே அழைத்துவந்தேன். ஏ.டி.வி.யை அவர் அதற்குமுன் தொட்டதில்லை. வண்டியைச் சுற்றிப் பார்க்காமல், “அறுந்த பெல்ட்டைக் காட்டுங்கண்ணே” என்றார். மூன்றாவது மட்டும்தான் இருந்தது. மற்ற இரண்டையும் எறிந்துவிட்டேன் என்றபோது, எக்ஸ்ரேயைக் கிழித்துப்போட்டுவிட்டு வைத்தியரிடம் வந்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். பிறகு அதைத் தரையில் விரித்து, அறுந்த இடத்தைப் பார்க்காமல், முழு நீளத்தையும் விரலால் தடவிக்கொண்டே போனார். அவர் அன்று படித்துக் காட்டியதையும், பிறகு நானே பார்த்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

பெல்ட்டின் இரு பக்கங்களும் சீராகத் தேய்ந்து அகலம் குறைந்திருந்தால் அது இயற்கையான முதுமை. வண்டியின் கையேட்டில் புதிய பெல்ட்டின் அகலமும், அதற்குக் கீழே போகக்கூடாத எல்லையும் தரப்பட்டிருக்கும். வெர்னியர் என்ற நுண்அளவுகோலை வைத்து நாலைந்து இடங்களில் அளந்து பார்த்தால் போதும். அகலம் குறைந்த பெல்ட் புல்லியில் இறங்கி உட்காரும் என்பதால் வண்டியின் உச்சவேகம் குறையும், புறப்படும்போது சோம்பும். ஓர் இடத்தில் மட்டும் ஒடுங்கியிருந்தால் அது சேற்றில் நின்று உறுமியதன் அடையாளம். பக்கங்கள் பளபளத்துக் கடினமாகியிருந்தால் வழுக்கலும் சூடும். உள்பக்கப் பற்களின் அடியில் குறுக்காக வெடிப்புகள் தெரிந்தால் நெடுநாள் சூடு அல்லது வயது. பெல்ட்டுக்குள் ஓடும் அராமிட் என்ற வலுவான செயற்கை நூல்கள்தாம் அதன் எலும்பு. அவை ஒரே ஒரு விளிம்பில் மட்டும் பிய்ந்து தொங்கினால் பெல்ட் நேராக ஓடவில்லை, ஏதோ ஒரு தட்டு சாய்கிறது அல்லது எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கிழிந்து இரண்டு புல்லிகளின் நேர்கோடு கெட்டிருக்கிறது என்று பொருள். அறுந்த முகம் வெட்டியதுபோல் நேராக இருந்து, மற்ற இடமெல்லாம் புதிதுபோல் இருந்தால் ஒரே அடியில் வந்த அதிர்ச்சி. சக்கரம் காற்றில் சுழன்று திடீரென்று தரையைப் பிடிப்பது போன்ற நேரங்களில் அது நடக்கும். மாட்டும்போது பெல்ட்டை மடக்கி நூலை ஒடித்திருந்தாலும் இப்படி ஆகலாம் என்றார் தம்பி. கடையிலிருந்து பெல்ட்டை உள்வெளியாக முறுக்கிப் பையில் திணித்து எடுத்துவந்தவன் நான் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

என் மூன்றாவது பெல்ட்டில் இரண்டு தடயங்கள் இருந்தன. இரு பக்கங்களிலும் ஒட்டும் தன்மையுள்ள பளபளப்பு. ஒரு விளிம்பில் மட்டும் பிய்ந்த நூல். தம்பி உறையின் உள்சுவரை விரலால் வழித்துக் காட்டினார். பெல்ட் தேய்ந்து உதிரும் கருந்தூள் எந்த வண்டியிலும் இருக்கும், அது உலர்ந்த தூளாக இருக்க வேண்டும்; என் வண்டியில் அது கண்மைபோல் குழைந்து வந்தது. எண்ணெய். இந்த வண்டியில் முன்புல்லிக்கும் எஞ்சினுக்கும் நடுவில், எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து வேலை செய்யும், எஞ்சின் வேகமெடுத்தால் தானாகப் பிடித்துக்கொள்ளும் மையவிலக்குக் கிளட்ச் ஒன்று இருக்கிறது. அந்த அறையையும் பெல்ட் அறையையும் பிரிப்பது தண்டைச் சுற்றியிருக்கும் ஓர் ஆயில் சீல் மட்டும். அது கடினமாகி, ஒழுகுகிறது என்று சொல்ல முடியாத அளவுக்குச் சிறிது சிறிதாகக் கசிந்து, சுழலும் புல்லியால் சிதறப்பட்டுப் பெல்ட்டில் படிந்துகொண்டிருந்தது. தரையில் ஒரு சொட்டுகூட விழாததால் எனக்குத் தெரியவே இல்லை.

பிய்ந்த விளிம்புக்கான விடை முன்புல்லியைக் கழற்றியபோது கிடைத்தது. நகரும் தட்டின் நடுவில் இருக்கும் புஷ் என்ற உள்வளையம் தேய்ந்து, தட்டைக் கையால் பிடித்து அசைத்தால் தலையாட்டியது. முதுகில் இருந்த எட்டு உருளை எடைகளில் ஐந்து, ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து, உருளுவதற்குப் பதிலாக இழுபட்டுக்கொண்டிருந்தன. அவற்றை வழிநடத்தும் பிளாஸ்டிக் சறுக்குத் துண்டுகள் பாதியாகியிருந்தன. வாங்கிய நாளிலிருந்தே வேகமெடுக்கும்போது வண்டி ஒருமுறை தயங்கிப் பின் குதிப்பதை, ‘பெரிய எஞ்சின் அப்படித்தான் இருக்கும்’ என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். தயக்கம், தட்டையான உருளை சிக்கி நின்றதால் வந்தது. குதிப்பு, அது விடுபட்டதால் வந்தது.

இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. முந்தைய உரிமையாளர் காட்சிக்காக 25 அங்குல டயர்களை நீக்கிவிட்டு 27 அங்குலச் சேற்று டயர்களை மாட்டியிருந்தார். விட்டம் 8 சதவீதம் கூடுகிறது. அதாவது ஒவ்வொரு ஏற்றத்திலும் பெல்ட் அதே அளவு கூடுதலாக இழுக்க வேண்டும். டயரின் எடையும் கூடுதல். உருளை எடைகளைச் சற்று இலேசாக்கினால் எஞ்சின் கூடுதல் வேகத்தில் ஓடி இதை ஈடுசெய்யும் என்று சொல்வார்கள். ஸ்கூட்டர் பந்தயக்காரர்கள் செய்வதும் அதுதான். நான் அந்த வழிக்குப் போகாமல் பழைய அளவு டயருக்கே திரும்பிவிட்டேன். தோட்ட வேலைக்கு அழகு வேண்டியதில்லை.

சீல், புஷ், எட்டு உருளைகள், சறுக்குத் துண்டுகள் எல்லாவற்றையும் வரவழைக்கப் பன்னிரண்டு நாட்கள் ஆயின. அந்தப் பன்னிரண்டு நாட்களும் காய் தலையில்தான் ஏறியது. பிறகு பூட்டியபோது தம்பி காட்டிய கவனத்தில் சிலவற்றை இங்கே பதிவு செய்ய வேண்டும், ஏனென்றால் முதல் இரண்டு முறை நானும் சாலையோரப் பட்டறையிலிருந்து வரவழைத்த ஒருவரும் இவற்றை எல்லாம் தவறாகவே செய்திருந்தோம்.

புல்லித் தட்டுகளின் முகங்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால், துணியில் கறை படியாத வரை துடைத்தார்; படிந்திருந்த ரப்பர் மெழுகைப் பாத்திரம் துலக்கும் பச்சை நாரால் மெதுவாக எடுத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவில்லை. ஆழமான கீறல் பெல்ட்டை அரமாய் அறுக்கும். புதிய பெல்ட்டைச் சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்தினார். வார்ப்பு அச்சிலிருந்து எளிதாகப் பிரியப் பூசிய மெழுகு அதன் மேல் இருக்குமாம். பெல்ட்டின் மேல் அச்சிட்ட அம்புக்குறி சுழலும் திசையைப் பார்த்திருக்க வேண்டும்; அம்புக்குறி இல்லாவிட்டால் எழுத்துகளை நேராகப் படிக்க முடிகிறபடி மாட்டுவது அவர் வழக்கம். பின்புல்லியின் கேம் பாதையில் கிரீஸ் மிகக் கொஞ்சமாக வைத்தார். தாராளமாக வைத்தால் அது நாளை பெல்ட்டுக்கு வந்து சேரும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது முன்புல்லியின் நட்டை இறுக்கும் கட்டம். பின்புல்லியின் தட்டுகளை விலக்கி, பெல்ட்டை அதன் அடியாழம் வரை அமுக்கிக்கொண்டால்தான் முன்பக்கம் பெல்ட் தளர்ந்து, தண்டோடு ஒட்டி உட்கார இடம் கிடைக்கும். அப்படிச் செய்யாமல் நிலைத் தட்டை வைத்து நட்டை முறுக்கினால், பெல்ட்டின் விளிம்பு தட்டுக்கும் நடுக்குழலுக்கும் இடையில் நசுங்கிக்கொள்ளும். நட்டு இறுகிவிட்டதுபோலவே கைக்குத் தெரியும். வண்டி ஓடியதும் பெல்ட் மேலேறி, நட்டு தொளதொளத்துப்போகும். தண்டின் பற்களையே தின்றுவிடும் விபத்து இது. தம்பி நட்டைப் பாதி இறுக்கிவிட்டு, புல்லியைக் கையால் சுற்றிப் பெல்ட் தடையின்றி ஓடுகிறதா என்று பார்த்து, அதன் பிறகே கையேட்டில் சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரால் இறுக்கினார். இறுதியில் பின்புல்லியைப் பலமுறை சுழற்றிப் பெல்ட்டை மேல்விளிம்புக்குக் கொண்டுவந்தார். விசிறி இறகுகளுக்கு நடுவில் திருப்புளியைச் செருகிப் புல்லியைப் பிடித்துக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றி அவர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

உறையை மூடுவதற்கு முன் முன்புல்லித் தட்டின் முகத்தில், நடுவிலிருந்து விளிம்பு வரை, மார்க்கர் பேனாவால் நான்கு கோடுகள் கிழித்தார். ஓட்டிவிட்டு மறுபடி திறந்தபோது பெல்ட் ஏறிய உயரம் வரை கோடு அழிந்திருந்தது. விளிம்புக்கு அருகே வரை அழிந்திருந்தால் புல்லி முழுமையாக வேலை செய்கிறது, பாதியில் நின்றால் உள்ளே ஏதோ சிக்குகிறது. ஒரு மார்க்கர் பேனாவின் செலவில் கிடைக்கும் இந்தச் சோதனையை விடச் சிறந்த ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை. புதிய பெல்ட்டை முதல் 50 கி.மீ. தூரத்துக்குப் பின்வண்டி இல்லாமல், வேகத்தை ஏற்றி இறக்கி, இதமாக ஓட்டச் சொன்னார். அப்படியே செய்தேன்.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். மார்கழியில் கிளட்ச் தன் பங்குக்கு வந்தது.

மேல்வாசலிலிருந்து உரமூட்டைகளோடு இறங்கிக்கொண்டிருந்தேன். இந்த வண்டியில் ஆக்சிலேட்டரை விட்டால் எஞ்சினே பிடித்து இழுக்கும். சரிவில் பிரேக்கை அரிதாகவே தொடுவேன். அன்று ஆக்சிலேட்டரை விட்டதும், நியூட்ரலில் போட்டதுபோல் வண்டி உருளத் தொடங்கியது. எஞ்சின் ஐடிலிங்கில் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. வண்டி மட்டும் வேகமெடுத்தது. பிரேக் பிடித்தும் ஈரமண்ணில் சறுக்கி, நிழல்மரம் ஒன்றின் அடியிலிருந்த மண்வரம்பில் மோதி நின்றேன். முன்னால் ஆள் யாரும் இல்லை. அதை நினைத்தால் இன்றும் கை குளிர்கிறது.

காரணம் இதுதான். மையவிலக்குக் கிளட்சின் கட்டைகள் எஞ்சின் வேகமாகச் சுழலும்போது விரிந்து, தங்களைச் சுற்றியிருக்கும் வட்டக் கூடான டிரம்மைப் பிடிக்கின்றன. வேகம் குறைந்தால் ஸ்பிரிங்குகள் அவற்றை உள்ளே இழுத்துவிடும். அப்படி விட்டுவிட்டால் இறக்கத்தில் சக்கரம் எஞ்சினோடு தொடர்பற்றுப் போகும். அதைத் தடுக்கவே டிரம்முக்குள் ஒருவழி பேரிங் ஒன்று வைத்திருக்கிறார்கள். எஞ்சின் டிரம்மை விட வேகமாகச் சுழலும்போது அது கண்டுகொள்ளாது; டிரம் எஞ்சினை முந்த முயன்றால் பிடித்துக்கொள்ளும். என் வண்டியில் அந்தப் பேரிங்கின் உள்துண்டுகள் தேய்ந்து பிடிப்பதை நிறுத்திவிட்டன. சோதனை கடினமானதன்று: எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, முன்புல்லியைக் கையால் திருப்ப வேண்டும். ஒரு திசையில் இலேசாகச் சுற்றி, மறுதிசையில் எஞ்சினோடு பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு திசையிலும் இலேசாகச் சுற்றினால் பேரிங் போய்விட்டது. மாற்றும்போது எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும் என்ற குறியைப் பார்த்தே போட வேண்டும். தலைகீழாகப் போட்டால் ஐடிலிங்கிலேயே வண்டியை இழுக்கப் பார்க்கும்.

டிரம்மைக் கழற்றியபோது அதன் உள்சுவர் நீலம் பாய்ந்திருந்தது. கட்டைகளின் பூச்சும் தேய்ந்திருந்தது. பெல்ட் வழுக்குகிறதா, கிளட்ச் வழுக்குகிறதா என்று குழம்புகிறவர்களுக்கு ஒரு வேறுபாட்டைச் சொல்லலாம். பெல்ட் வழுக்கினால் ரப்பர் நாற்றமும், உறையில் சூடும், கருந்தூளும் இருக்கும். ஆயிலில் நனைந்த கிளட்ச் வழுக்கினால் ரப்பர் நாற்றம் இராது; எஞ்சின் வேகம் நன்றாக ஏறிய பிறகே வண்டி நகரத் தொடங்கும், எஞ்சின் ஆயில் வழக்கத்தைவிட விரைவில் கருத்துத் தீய்ந்த மணம் வீசும். நின்ற நிலையில் கியரை மாற்றும்போது கறகறவென்று அரைத்தால் பெல்ட்டைக் குறை சொல்வதற்கு முன் ஐடிலிங் வேகத்தைப் பார்க்க வேண்டும். அது கூடியிருந்தால் கட்டைகள் முழுதாக விடாமல் டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும். ஐடிலிங் சரியாக இருந்தும் அரைத்தால் கட்டைகளின் ஸ்பிரிங் ஒன்று ஒடிந்திருக்கலாம். கிளட்சே இல்லாமல் முன்புல்லியே பெல்ட்டைப் பிடித்தும் விட்டும் வேலை செய்யும் வண்டிகளும் உண்டு. அவற்றில் ஐடிலிங்கில் பெல்ட் தளர்ந்து கிடக்க வேண்டும், இறுகிக் கிடந்தால் அதே அரைப்பு வரும். தன் வண்டி எந்த வகை என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்தவர் சொன்ன வைத்தியத்தைச் செய்வது வீண்செலவு.

உறையைத் திறந்துவைத்துக்கொண்டு எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. அறும் பெல்ட்டின் துண்டு அந்த வேகத்தில் என்ன செய்யும் என்பதை, மூன்றாவது பெல்ட் அறுந்தபோது உறையின் உள்பக்கம் விழுந்த ஆழமான தழும்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நான்காவது பெல்ட் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. மாட்டிய அன்று 35.2 மி.மீ.; போன மாதம் அளந்தபோது 34.6. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் சுவரில், உலை வெப்பம் எட்டாத மூலையில், மூன்றாவது பெல்ட் ஓர் ஆணியில் தொங்குகிறது. அதன் பக்கத்தில் சாக்பீஸால் தேதிகளையும் அளவுகளையும் எழுதி வருகிறேன். கணக்குப்பிள்ளை அதைக் காய் எடைக் கணக்கு என்று நினைத்து ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டு, மொத்தம் சரியாக வரவில்லையே என்று என்னிடம் கேட்டார்.